இதர பொருள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் 2. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த என்னைப் பெரியம்மா கிராம சபைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சமுதாயக் கூடத்துக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். நுழையும் இடத்தில் ஒரு மேசை, அதன்மேல் நீளமான நோட்டு. ஊராட்சிச் செயலர், அதாவது ஊரார் வாயில் இன்னமும் கிளார்க், வருகிறவர்களிடமெல்லாம் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்கம்மா."

"எதுக்குத் தம்பி?"

"வந்ததுக்குத்தான்."

"பேசி முடிச்சப்புறம் போடுறேன். எங்க ஓடிடப் போறேன்?"

"அப்புறம் கூட்டம் கலைஞ்சிடும்மா. நோட்டு யார் கையில இருக்கும்னு சொல்ல முடியாது."

பெரியம்மா போட்டாள். போட்டுவிட்டுத்தான் கேட்டாள்: "எங்க தெரு வடிகால் இதுல இருக்கா?" இரண்டு நாள் விடாமல் பெய்தால் எங்கள் தெருவில் அடுப்படி வரைக்கும் தண்ணீர் வந்து நிற்கும். கூட்டத்தில் பேச வேண்டிய பொருள்களைத் தட்டச்சு செய்த தாளை அவர் புரட்டிப் பார்த்தார். டெங்கு தடுப்பு இருந்தது. குடிநீர்ச் சிக்கனம் இருந்தது, பிளாஸ்டிக் ஒழிப்பு இருந்தது, நூறு நாள் வேலை இருந்தது. வடிகால் இல்லை. "கடைசியில 'இதர பொருள்'னு ஒண்ணு வரும், அப்ப சொல்லுங்கம்மா" என்றார். அவர்மேல் குற்றமில்லை. அந்தத் தாளில் இருந்தவற்றில் பெரும்பாலானவை மேலிடத்திலிருந்து எல்லா ஊராட்சிகளுக்கும் ஒரே மாதிரி வந்து சேர்ந்தவை.

இந்த நோட்டும் தாளும் அன்றிலிருந்து என் மனதை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் பெரியம்மா அன்று உட்கார்ந்திருந்தது சாதாரண இடத்தில் அல்ல. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபிறகு, அரசமைப்புச் சட்டம் பெயர் சொல்லி அமைத்திருக்கும் அவைகளில், பிரதிநிதி இல்லாமல் குடிமக்களே உறுப்பினராக இருப்பது கிராம சபை ஒன்றுதான். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், உறுப்பினர். ராஜினாமா செய்ய முடியாது, நீக்கவும் முடியாது. டெல்லியிலும் சென்னையிலும் நமக்காக வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே நாமே உட்கார்ந்திருக்கிறோம். பாடப்புத்தகம் நேரடி மக்களாட்சிக்கும் பிரதிநிதித்துவ மக்களாட்சிக்கும் வேறுபாடு எழுதச் சொன்னால் மாணவன் எழுதுவது இதைத்தான்: ஒன்றில் மக்களே முடிவெடுக்கிறார்கள், மற்றதில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் முடிவெடுக்கிறார்கள். ஐந்து மதிப்பெண். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அன்று மக்களே உட்கார்ந்திருந்தோம், முடிவும் எங்கள் கையெழுத்தோடுதான் போயிற்று. எங்கள் தெருவின் வடிகால் மட்டும் எங்கேயும் இல்லை.

நேரடி மக்களாட்சி என்றாலே ஏதென்ஸுக்குப் போவது வழக்கம். போகத்தான் வேண்டும், ஆனால் பளிங்குத் தூண்களைப் பார்ப்பதற்காக அல்ல. பினிக்ஸ் குன்றில் மக்கள் சபை கூடும் நாளில், சந்தையில் வம்பளந்து நிற்பவர்களைச் சிவப்புச் சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்துச் சபைக்கு ஓட்டிப்போவார்களாம். அரிஸ்டோபனீஸின் நாடகத்தில் வருகிறது. சில முடிவுகளுக்கு 6,000 பேர் வேண்டும் என்று விதி. பின்னாளில் வருகிறவர்களுக்குக் கூலியும் கொடுத்தார்கள். நம் கிராம சபைக்கும் மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைவெண் வரம்பு உண்டு. அதை எட்டுவதற்குக் கிளார்க் படும் பாட்டை நேரில் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்புக் கயிறு அந்நியமாகத் தோன்றாது. பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஆகிய யாருக்கும் அந்தக் குன்றில் இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சபையின் கதைகளில் என்னை மிகவும் அலைக்கழித்தது மிட்டிலீனி. கி.மு. 427. ஸ்பார்ட்டாவோடு போர் நடந்துகொண்டிருக்கிறது. லெஸ்பாஸ் தீவில் இருந்த மிட்டிலீனி நகரம் ஏதென்ஸின் பிடியிலிருந்து விலகப் பார்த்து, தோற்று, சரணடைந்தது. சபை கூடியது. கோபம் உச்சியில் இருந்தது. அந்த நகரத்தின் வயது வந்த ஆண்கள் அனைவரையும் கொல்வது, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக்குவது என்று தீர்மானம் நிறைவேறியது. உத்தரவைச் சுமந்துகொண்டு கப்பல் அன்றைக்கே புறப்பட்டது.

இரவு கழிந்தது. காலையில் ஊருக்கே மனசு கேட்கவில்லை. குற்றம் செய்தவர்களைத் தண்டிப்பது வேறு, ஒரு நகரத்தையே அழிப்பது வேறு அல்லவா என்று பேச்சு எழுந்தது. மறுபடி சபையைக் கூட்டினார்கள். கிளியோன் என்பவர் எழுந்து, நேற்று எடுத்த முடிவை இன்று மாற்றுகிறவர்களால் பேரரசை ஆள முடியாது என்று சீறினார். டயோடோட்டஸ் என்பவர் எதிர்த்துப் பேசினார். அவர் இரக்கத்தைக் காட்டி வாதாடவில்லை என்பதுதான் விசேஷம். எல்லோரையும் கொன்றால் நாளைக்குக் கலகம் செய்கிற எந்த ஊரும் சரணடையாது, கடைசி ஆள் வரை சண்டை போடும், நமக்குத்தான் நஷ்டம் என்று கணக்கு போட்டுக் காட்டினார். கை தூக்கச் சொன்னார்கள். கிட்டத்தட்டச் சரிபாதி. மயிரிழையில் டயோடோட்டஸ் பக்கம் வென்றது.

இரண்டாவது கப்பல் கிளம்பியது. முதல் கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முன்னால் போயிருந்தது. துடுப்பு போட்டவர்கள் எழுந்து சாப்பிடவில்லை. மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த பார்லி மாவை உட்கார்ந்த இடத்திலேயே தின்றபடி தள்ளினார்கள். முறை வைத்துத் தூங்கினார்கள். முதல் கப்பல்காரர்களுக்குத் தங்கள் வேலை பிடிக்கவில்லை, அதனால் மெதுவாகவே போனார்கள் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். அதிகாரி உத்தரவைப் படித்து முடித்து, காரியத்தைத் தொடங்கப் போகிற நேரத்தில் இரண்டாவது கப்பல் கரையில் முட்டியது. நகரம் பிழைத்தது. கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று பிடித்து வைத்திருந்தவர்கள் பிழைக்கவில்லை. அவர்களைக் கொல்லவும் அதே சபைதான் வாக்களித்தது.

இந்தக் கதையைச் சொல்லி, 'பார், கூட்டத்தின் கையில் அதிகாரம் போனால் இதுதான் கதி' என்று முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேற்றுத் தவறு செய்தவர்கள் இன்று காலையில் தாமே கூடித் தம் தவறைத் திருத்திக்கொண்டார்களே, எத்தனை சட்டமன்றங்கள் அதைச் செய்திருக்கின்றன? கட்சிக்கு மானம் போகும், தலைவருக்கு மதிப்புக் குறையும் என்ற கவலையில் தவறான சட்டங்கள் எத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்கின்றன? நேரடி மக்களாட்சியின் குறையும் நிறையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன: முதல் கப்பலை அனுப்புவதற்கும் அதற்கு நேரம் ஆகாது, இரண்டாவதை அனுப்புவதற்கும் ஆகாது.

ஆனால் இரண்டாவது கப்பல் எப்போதும் கிளம்புவதில்லை. கி.மு. 406இல் அர்கினூசே என்ற இடத்தில் ஏதென்ஸின் கடற்படை பெரிய வெற்றி பெற்றது. புயல் அடித்ததால், உடைந்த கப்பல்களில் தவித்த தங்கள் ஆட்களைத் தளபதிகளால் மீட்க முடியவில்லை. ஊர் கொதித்தது. எட்டுத் தளபதிகளையும் ஒரே வாக்கெடுப்பில் சேர்த்து விசாரித்துத் தண்டிக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். சபையில் எந்தத் தீர்மானத்தையும் வாக்குக்கு விடும் பொறுப்பு, குலுக்கலில் தேர்வான ஐந்நூற்றுவர் மன்றத்தில் அந்த முறைக்கு வந்திருந்தவர்களிடம் இருந்தது. அன்றைய முறையில் சாக்ரடீஸ் இருந்தார். அவர் வாழ்நாளில் ஏற்ற ஒரே பொதுப் பதவி அந்த மன்ற உறுப்பினர் பதவிதான். சட்டத்துக்குப் புறம்பான கேள்வியை மக்கள் முன் வைக்க மாட்டேன் என்று அவர் மறுத்தார். கூட்டம் கத்தியது. மற்றவர்கள் பயந்து இணங்கினார்கள். வாக்கெடுப்பு நடந்தது. கையில் அகப்பட்டிருந்த ஆறு தளபதிகளும் கொல்லப்பட்டார்கள். பிற்பாடு ஏதென்ஸ் வருந்தியது. வருந்தி என்ன, மாண்டார் மீள்வாரா?

சாக்ரடீஸ் அன்று எதை எதிர்த்தார் என்று கவனியுங்கள். தண்டனையை எதிர்த்துப் பேசி வாக்குச் சேகரிக்கவில்லை. கேள்வியையே மறுத்தார். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே ஆம், ஒரே இல்லை என்று கேட்டால் அதற்கு நேர்மையான பதிலே கிடையாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பெரியம்மாவின் வடிகால் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது இந்த இடத்தில்தான்.

சரி, கூட்டத்தின் கொதிப்பு ஆறட்டும், பொறுமையாக யோசிக்கத் தெரிந்தவர்களை அனுப்பி வைப்போம் என்பது பிரதிநிதித்துவத்தின் வாதம். கோடிக்கணக்கானவர்களை எந்தக் குன்றில் உட்கார வைப்பது என்பது அதைவிட எளிய வாதம், மறுக்கவும் முடியாதது. இந்த முறைக்கு மிக அழகான விளக்கம் சொன்னவர் எட்மண்ட் பர்க். 1774இல் பிரிஸ்டல் நகரத்திலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவுடன் தன் வாக்காளர்களிடமே அவர் சொன்னதன் சாரம் இது: நீங்கள் சொன்னதை அப்படியே ஒப்பிக்கும் தூதன் அல்ல நான், என் சொந்த அறிவைக் கொண்டு முடிவெடுப்பதும் நான் உங்களுக்குச் செய்ய வேண்டிய கடமை. பேச்சு நன்றாக இருந்தது. 1780இல் பிரிஸ்டல் அவரைக் கைவிட்டது.

பர்க்காவது தன் அறிவால் கெட்டார். நம் பிரதிநிதியின் நிலை வேறு. 1985இல் 52ஆவது திருத்தம் கட்சித் தாவலுக்குப் பூட்டுப் போட்டது. பூட்டு தேவைப்பட்டது, மறுக்கவில்லை. 1967இல் ஹரியானாவில் ஒருவர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறி, அவர் பெயரே நாட்டுக்குக் கேலிச்சொல் ஆனது. ஆனால் அந்தப் பூட்டு கதவோடு சேர்த்து வாயையும் பூட்டிவிட்டது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். ஆக, தொகுதி மக்கள் சொல்வதைச் சொல்லும் தூதராகவும் அவர் இருக்க முடியாது, தன் அறிவைக் கொண்டு முடிவெடுக்கும் பர்க்காகவும் இருக்க முடியாது. மூன்றாவதாக ஒன்றாக இருக்கிறார். அதற்குத் தமிழில் மரியாதையான சொல் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

எண்ணிக்கையிலும் ஒரு மாயம் உண்டு. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ அ.தி.மு.க. வென்றது. அது பெற்ற வாக்கு 44 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஏறத்தாழ 24 விழுக்காடு வாக்கு வாங்கிய தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. நான்கில் ஒருவர் சொன்னது அவைக்குப் போய்ச் சேரவே இல்லை. இதில் எந்தக் கட்சிக்கும் தனிக் குற்றமோ தனிப் பெருமையோ இல்லை; வேறொரு தேர்தலில் வேறொரு கட்சிக்கு இதே நடக்கும். முந்தியவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் முறையின் குணம் அது.

இந்த அளவில் நிறுத்தினால், நேரடி முறையே மேல் என்று தீர்ப்பு எழுதிவிடலாம். எழுதவிடாமல் குறுக்கே நிற்பது சுவிட்சர்லாந்து.

அங்கே ஆண்டுக்குப் பலமுறை மக்கள் வாக்களிக்கிறார்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பிடிக்கவில்லையா? 100 நாளுக்குள் 50,000 கையொப்பம் திரட்டினால் அது மக்கள் வாக்குக்குப் போகும். அரசமைப்பையே மாற்ற வேண்டுமா? 18 மாதத்தில் 1,00,000 கையொப்பம். அதாவது பதில் சொல்வது மட்டுமல்ல, கேள்வியை எழுதுவதும் குடிமக்களால் முடியும். எங்கள் ஊர் 'இதர பொருள்' அங்கே முதல் பொருள். கேட்பதற்குப் பொறாமையாக இருக்கிறது. ஆனால் அதே நாட்டில், பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959 பிப்ரவரி 1 அன்று ஆண்களிடம் கேட்டார்கள். ஆண்களிடம் மட்டும்தான் கேட்க முடியும், வாக்கு அவர்களிடம்தானே இருந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் கூடாது என்றார்கள். 1971இல்தான் சம்மதித்தார்கள். அப்பென்ஸெல் இன்னர்ரோடன் என்ற சின்ன மாநிலத்தில் ஆண்கள் இடுப்பில் வாளோடு திறந்தவெளியில் கூடிக் கை தூக்கி வாக்களிப்பார்கள். மாநில விவகாரங்களில் பெண்களுக்கு வாக்குத் தர 1990 ஏப்ரலில்கூட அவர்கள் மறுபடி மறுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அங்கே பெண்களுக்கு அந்த உரிமை வந்தது.

நம் பாட்டிகள் 1952இலேயே வாக்களித்தவர்கள். அவர்களுக்கு அந்த உரிமையைத் தந்த அரசமைப்பு நிர்ணய சபை எப்படி அமைந்தது? 1946இல், சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்கு மட்டும் வாக்கு இருந்த தேர்தலில் வந்த மாகாணச் சட்டமன்றங்கள் பெரும்பாலானவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய சபை அது. எல்லோருடைய வாக்காலும் வராத ஒரு சபை எல்லோருக்கும் வாக்கைக் கொடுத்தது. அன்றைக்கு வாக்கு வைத்திருந்தவர்களிடம் போய், 'நிலமில்லாதவனுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் உங்களுக்குச் சமமாக ஒரு வாக்குத் தரலாமா?' என்று நேரடியாகக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? நம் ஊர்களை அறிந்தவர்கள் அதற்குப் பதிலை வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

சுவிஸ் மக்கள் தாமே எழுதிய கேள்விகளும் எப்போதும் நல்ல கேள்விகளாக அமையவில்லை. 2009 நவம்பரில் நாட்டில் புதிதாக மசூதி மினார் கட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்று ஒரு முன்மொழிவு வந்தது. 57.5 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். அப்போது அந்த நாடு முழுவதிலும் இருந்த மினார்கள் நான்கு.

பிரிட்டனின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே கேள்வியை எழுதியது மேலிடம். 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று கேட்டார்கள். 51.9 விழுக்காட்டினர் வெளியேறலாம் என்றார்கள். எப்படி வெளியேறுவது, சுங்கம் என்னாகும், அயர்லாந்து எல்லை என்னாகும் என்பதெல்லாம் கேள்வியில் இல்லை. பதில் கையில் இருந்தது. அது எந்தக் கேள்விக்கான பதில் என்று தேடி நாடாளுமன்றம் மூன்றரை ஆண்டு அல்லாடியது. 2020 ஜனவரி 31 அன்று வெளியேறினார்கள்; அதற்குள் இரண்டு பிரதமர்கள் போயிருந்தார்கள்.

ஒரு காலத்தில் எனக்கு இதற்கெல்லாம் உத்திரமேரூர்தான் மருந்து என்று தோன்றியது. குடவோலை. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. முப்பது குடும்புகள், அதாவது ஊரின் பகுதிகள், ஓலைகளில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் தகுதி இல்லை. இந்த ஒரு விதியை இன்று கொண்டுவந்தால் பல மன்றங்கள் காலியாகிவிடும். ஆனால் மேடைகளில் குடவோலை பேசுகிறவர்கள் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. அது பிரமதேய ஊர், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர். நிலமும் வீடும் வேதக் கல்வியும் இருந்தவர்களின் பெயர்தான் குடத்துக்குள் போனது. சிறுவனின் கை நேர்மையானது. குடத்துக்குள் எந்த ஓலை போகலாம் என்பதை அவன் கை தீர்மானிக்கவில்லை.

அப்படியானால் எங்கேயும் சரியாக நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது. ஒடிசாவில், நியம்கிரி மலையில்.

அந்த மலையில் டோங்கிரியா கொந்து மக்கள் வாழ்கிறார்கள். மலை அவர்களுக்கு நியம் ராஜாவின் இருப்பிடம். மலையுச்சியில் பாக்சைட் இருக்கிறது. அடிவாரத்தில் லாஞ்சிகட் என்னுமிடத்தில் வேதாந்தா நிறுவனத்தின் அலுமினா ஆலை. மாநில அரசுக்குச் சுரங்கம் வேண்டும், ஆலைக்குத் தாது வேண்டும், அலுமினியம் நமக்கெல்லாம் வேண்டும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஏப்ரல் 18 அன்று நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அந்த மக்களின் உரிமைகளும் வழிபாடும் சுரங்கத்தால் பாதிக்கப்படுமா என்பதை அவர்களுடைய கிராம சபைகளே பார்த்து முடிவு செய்யட்டும் என்று சொன்னது.

இங்கேயும் முதல் சூழ்ச்சி எந்த இடத்தில் கேட்பது என்பதில்தான். மலையைச் சார்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இருந்தபோது, மாநில அரசு கேட்பதற்குத் தேர்ந்தெடுத்தவை 12. மற்றவர்களிடம் ஏன் கேட்கவில்லை என்று மக்கள் சண்டை போட்டார்கள். கூட்டங்கள் பன்னிரண்டோடுதான் நடந்தன. ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் வரை, ஒவ்வோர் ஊராக, மாவட்ட நீதிபதி முன்னிலையில். சின்னச் சின்ன ஊர்கள். சிலவற்றில் வாக்காளர்கள் சில பத்துப் பேர்தான். அதனால்தானோ என்னவோ, ஒவ்வொருவரும் எழுந்து பேச நேரம் இருந்தது. பேசினார்கள். தங்கள் மொழியில் பேசினார்கள். நீதிபதி உட்கார்ந்து கேட்டார், எழுதிக்கொண்டார். பன்னிரண்டு ஊரும் வேண்டாம் என்றன, ஓர் ஊர்கூட மாறவில்லை. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்தது. மறுபடி கிராம சபை கூட்ட வேண்டும் என்று மாநிலச் சுரங்க நிறுவனம் கேட்டுப் போனபோது, 2016இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது.

இதை நேரடி மக்களாட்சியின் வெற்றி என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். அந்தப் பன்னிரண்டு கூட்டங்களுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. அதை இயற்றியது நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்த பிரதிநிதிகள். ஒரு நீதிமன்றம் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் வாக்கு வாங்கி வந்தவர்கள் இல்லை. மலையில் ஒலித்த குரல் டெல்லி வரை போய்ச் சேர்ந்தது என்றால், வழியில் இத்தனை பேர் அதைக் கைமாற்றிக் கொடுத்தார்கள்.

அயர்லாந்திலும் இதற்கு நெருக்கமாக ஒன்று நடந்தது. கருக்கலைப்புக்கு ஏறக்குறைய முழுத் தடை போட்ட பிரிவை அங்கே 1983இல் மக்கள் வாக்குதான் அரசமைப்புக்குள் கொண்டுவந்தது. 2012இல் கர்நாடகத்திலிருந்து போய் அங்கே வாழ்ந்த ஓர் இளம் பல் மருத்துவர், கரு பிழைக்காது என்று தெரிந்தபிறகும் கலைப்பு மறுக்கப்பட்டு இறந்துபோனார். நாடு குலுங்கியது. உடனே வாக்குப் பெட்டியைத் திறக்கவில்லை. குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்த 99 சாதாரணக் குடிமக்களை ஐந்து வார இறுதிகள் உட்கார வைத்தார்கள். மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், இரு தரப்பு அமைப்புகள், தாங்களே அந்த நிலையைக் கடந்து வந்த பெண்கள் என்று எல்லோர் பேச்சையும் அவர்கள் கேட்டார்கள். அதன் பிறகுதான் கேள்வி உருவானது. 2018 மே மாதம் 66.4 விழுக்காட்டினர் தடையை நீக்க வாக்களித்தார்கள்.

நியம்கிரியையும் அயர்லாந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தமிழ்ச் சொல் கண்ணில் பட்டது. ஆயிரம் தடவை எழுதிய சொல், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். கேள்வி.

நம் மொழியில் 'கேள்' என்றால் வினவு என்றும் பொருள், செவிகொடு என்றும் பொருள். கேட்டேன் என்று ஒருவர் சொன்னால், வாயால் கேட்டாரா காதால் கேட்டாரா என்று அடுத்த வாக்கியத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். வள்ளுவர் கேள்விக்கு என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அது செவியால் பெறும் அறிவைப் பற்றியது. வைத்த இடம் பொருட்பாலில், ஆள்பவருக்கு வேண்டிய குணங்களைச் சொல்லும் பகுதியில். ஆள்கிறவர்தான் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மக்களாட்சியில் ஆள்பவர் யார்? பெரியம்மாதான், நீங்களும் நானும்தான்.

வாக்கு என்பது பதில். இவ்வளவு காலமும் பதிலை யார் சொல்வது என்பதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்: நாமா, நம் ஆளா? கேள்வி நம்முடையதாக இல்லாதபோது இரண்டிலும் தோற்கிறோம். பிரிட்டனில் மக்களே பதில் சொல்லியும் தீரவில்லை, ஏனென்றால் கேள்வி வேறு யாருடையதோ. சுவிஸில் கேள்வியை எழுதுவதும் மக்களால் முடியும். ஆனால் யாரைப் பற்றிய கேள்வியோ அவர்களுக்கு, அந்தப் பெண்களுக்கும் அந்த நான்கு மினார்களின் கீழே தொழுதவர்களுக்கும், செவி இல்லை. அர்கினூசேயில் இரண்டுமே இல்லை. மிட்டிலீனியில் மறுநாள் காலையில் இரண்டும் வந்தன, அதனால் இரண்டாவது கப்பல் கிளம்பியது. சட்டமன்றத்திலும் அப்படித்தான். உறுப்பினரை நாம் அனுப்புகிறோம். அவர் எழுப்ப வேண்டிய கேள்வியை நாம் கொடுத்து அனுப்புவதில்லை. போனபின் அவர் யார் பேச்சைக் கேட்டார் என்று விசாரிப்பதும் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிலை மட்டும் கொடுத்துவிட்டு விரலில் மை காயும் முன்னே வீட்டுக்குப் போய்விடுகிறோம். எது நேரடி, எது பிரதிநிதித்துவம் என்பது இரண்டாம் பட்சம். கேட்பதும் கேட்டுக்கொள்வதும் எங்கே சேர்ந்து நடக்கிறதோ அங்கேதான் மக்கள் ஆள்கிறார்கள். மற்ற இடங்களில் எண்ணப்படுகிறார்கள், அவ்வளவே.

இதை எழுதும்போது என் மனசாட்சி ஒன்றை இடிக்கிறது. அன்று 'இதர பொருள்' வந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. அதன் முழுப் பெயர் 'தலைவர் அனுமதியுடன் கொண்டுவரப்படும் இதர பொருட்கள்'. அனுமதி கேட்டுக்கொண்டு பெரியம்மா எழுந்தபோது பாதி நாற்காலிகள் காலி. மைக்கை அவிழ்க்க ஆள் வந்து நின்றார். அவள் வடிகாலைப் பற்றி மூன்று நிமிடம் பேசினாள். தெருவின் நீளம், எந்த இடத்தில் குழாய் அடைத்திருக்கிறது, எந்த வீட்டுத் திண்ணை அதன் மேல் ஏறியிருக்கிறது எல்லாம் சொன்னாள். "பாத்துக்கலாம்மா" என்றார்கள். நோட்டில் யாரும் எழுதவில்லை. எழுதச் சொல்லி நானும் எழுந்திருக்கவில்லை. காலி நாற்காலிகளில் ஒன்று என்னுடையது. வெயில் தாங்காமல் டீக்கடைக்குப் போயிருந்தேன். அவள் பேசியதை அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் தனியாகத்தான் போனாள். கிளார்க் பேனாவை நீட்டினார். "முதல்ல வடிகாலை எழுது தம்பி, அப்புறம் என் பேரை எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு அந்த மேசையருகிலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாளாம். பின்னால் வந்த நாலைந்து பெண்களும் அவளைப் பார்த்துப் பேனாவை வாங்கவில்லை. குறைவெண் வரம்பு இடித்தது. தாளின் கடைசியில் மையால் ஒரு வரி சேர்ந்தது. வடிகால் இன்னும் முழுதாக முடியவில்லை. முக்கால் தெருவுக்கு வந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை உண்டு. உங்கள் பெயர் ஊராட்சி வாக்காளர் பட்டியலில் இருந்தால் நீங்களும் அதில் உறுப்பினர். போங்கள். வாசலில் நோட்டை நீட்டுவார்கள். உங்கள் தெருவின் பேச்சு அந்தத் தாளில் ஏறும்வரை பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.